கை படாத அறிவியல் எதற்கு?

பிப்ரவரி 28 நெருங்கினால் போதும், ஊருக்கு ஊர் 'அறிவியல் திருவிழா' பேனர் அடிக்கக் கொடுத்துவிடுவார்கள். பள்ளி, நூலகம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், எல்லோரும் நடத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். 1928-ல் இதே நாளில் சர் சி.வி. ராமன் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டார். 1987 முதல் அது தேசிய அறிவியல் தினம். அந்தக் கண்டுபிடிப்பின் முதல் கட்டத்துக்குத் தேவைப்பட்டவை சூரிய வெளிச்சம், வண்ணக் கண்ணாடி வடிகட்டிகள், சுத்தமான திரவங்கள், உற்றுப் பார்க்கும் கண். அவர் நினைவாக நடக்கும் விழாவில் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன?

சீருடையில் விறைத்து நிற்கும் ஒரு மாணவி. முன்னால் மேசை, மேசைமேல் தெர்மாகோல், கையில் ஸ்கேல். நாம் அருகில் போனதும் 'குட் மார்னிங் சார், அவர் ப்ராஜெக்ட் இஸ்…' என்று ஆரம்பிப்பார். நடுவில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பக்கத்து மேசையில் தவறாமல் ஓர் எரிமலை இருக்கும். ஆப்ப சோடா, வினிகர், கொஞ்சம் கேசரிப் பவுடர். நுரை பொங்கும், கைதட்டுவோம். பொங்குவது அமிலமும் காரமும் சேர்ந்து வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடு. நிஜ எரிமலையின் கதை வேறு: பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள், மேலே வர வர அழுத்தம் குறைந்து விரிகின்றன. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்து காட்டுவது உண்மைக்கு இன்னும் பக்கம். ஆனால் அதற்கு மலை செய்து பெயின்ட் அடிக்க வேண்டியதில்லையே, மதிப்பெண் எப்படி வரும்?

மேசைக்குப் பின்னால் நிற்பவர் எல்லா வேலையையும் செய்து முடித்துவிட்டார். முன்னால் நிற்பவருக்கு மிச்சம் தலையாட்டுவது மட்டும். குடும்பத்தோடு வரச்சொல்லி அழைக்கும் விழாவில் இந்தப் பங்கீடு அப்படியே தலைகீழாக வேண்டும். வந்தவர்கள் செய்யட்டும், நடத்துபவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். சொல்வதற்கு ஒரு வரி. ஏற்பாடு செய்ய மாதக்கணக்கு ஆகும்.

மாட்டுப் பண்ணையிலிருந்து ஒரு மியூசியம்

இந்தப் பங்கீட்டைப் பெரிய அளவில் மாற்றிக் காட்டியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர் என்ற காரணத்தால் 1949-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக வேலை போனது. வேறெங்கும் ஆராய்ச்சி வேலை கிடைக்காமல், கொலராடோவில் மாடு வளர்த்துக் காலம் தள்ளினார். பிறகு அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியிலேயே வாத்தியார் ஆனார்.

1969-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் திறந்த 'எக்ஸ்ப்ளோரடோரியம்' என்ற அறிவியல் கூடத்தில் பார்வையாளர் தொடாவிட்டால் எதுவும் நடக்காது. தச்சுப் பட்டறையையும் வெல்டிங் மேசையையும் ஒளித்து வைக்காமல், வருகிறவர்கள் பார்க்கும்படியே போட்டார். ஒரு காட்சிப்பொருள் உடைந்தால் அதைச் சரிசெய்வதையும் மக்கள் வேடிக்கை பார்க்கலாம். விளக்கம் சொல்ல நிபுணர்களை வைக்காமல் பள்ளி மாணவர்களையே சம்பளம் கொடுத்து அமர்த்தினார். தங்கள் பொருட்களைச் செய்யும் முறையைச் சமையல் குறிப்பு மாதிரி புத்தகங்களாகவே போட்டு விற்றது அந்தக் கூடம். உலகம் முழுக்க இருக்கும் பல அறிவியல் மையங்களில் அதன் நகல்கள் உண்டு.

நம் நாட்டிலும் இந்த மரபு இல்லாமல் இல்லை. அர்விந்த் குப்தா 1970-களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு லாரி கம்பெனியில் வேலை பார்த்தவர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போன இடத்தில், சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை இணைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார். மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கு சேர்ந்தால் சதுரம், தொட்டதும் சாயும். சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்தால் நிமிர்ந்துவிடும். மின்கோபுரத்திலும் ரயில்வே பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் எதற்கு இத்தனை முக்கோணங்கள் என்பதற்கு இதைவிட மலிவான பாடம் கிடையாது. விழாவில் இந்த ஒரு ஸ்டால் மட்டும் இருந்தாலும் பாதி வெற்றி என்பேன். மருந்து நீக்கிய குச்சிகளாக வாங்குங்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் நாற்பதாண்டு உழைப்பும், 2022 நவம்பரில் தொடங்கிய அரசின் 'வானவில் மன்றம்' திட்டமும் இதே வழியில் வந்தவைதான். 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோதனைகள் செய்துகாட்டப் பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் மாவட்டந்தோறும் இருக்கிறார்கள். விழா நடத்துபவர்கள் முதலில் போன் போட வேண்டியது அவர்களுக்கு.

சுவரோரம் போட்ட மேசை

1990-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தில் ஓர் அறிவியல் அருங்காட்சியகம், ஓர் இயற்கை வரலாற்றுக் கூடம், ஒரு மீன் காட்சியகம், ஓர் உயிரியல் பூங்கா, நான்கும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. ஒரு குடும்பம் ஒன்றாகக் கற்கவேண்டுமானால் காட்சிப்பொருள் எப்படி இருக்கவேண்டும் என்பது கேள்வி. 1998-ல் வந்த முடிவுகளில் முதலாவது, படித்தால் 'இதற்கா ஆய்வு?' என்று தோன்றும்: குடும்பம் அதைச் சுற்றி நிற்க இடம் வேண்டும். ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்ய வேண்டும், சின்னவருக்கும் பெரியவருக்கும் கை எட்ட வேண்டும், முடிவு ஒன்றாக இல்லாமல் பலவாக இருந்து பேச்சைக் கிளப்ப வேண்டும் என்றெல்லாம் பட்டியல் நீளும்.

முதல் விதியில்தான் நாம் கோட்டை விடுகிறோம். மேசையைச் சுவரோரம் போட்டு, பின்னால் சார்ட் ஒட்டினால் முன்வரிசையில் மூன்று பேர் நிற்கலாம். அப்பா தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார், அம்மா கைக்குழந்தையோடு வெளியே நிற்பார். அதே மேசையை நடுவில் இழுத்துப் போட்டால் நான்கு பக்கமும் எட்டுப் பேர். சாதாரண மேசையின் உயரம் இரண்டரை அடி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்பளவு வரும். கால் வைத்து ஏறப் பலகை போடுங்கள், அல்லது சில ஸ்டால்களைப் பாய் விரித்துத் தரையிலேயே நடத்துங்கள். உட்கார்ந்துவிட்ட குடும்பம் சீக்கிரம் எழுந்திருக்காது. தாத்தா பாட்டிக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி.

இன்னோர் ஆய்வு கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். கலிஃபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் கெவின் க்ரோலி குழுவினர் குடும்பங்களை வீடியோ எடுத்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோர், ஆண் பிள்ளைகளிடம் அறிவியல் விளக்கம் சொன்னது பெண் பிள்ளைகளிடம் சொன்னதைப்போல மூன்று மடங்கு. இரு பாலரும் அதே ஆர்வத்தோடுதான் விசையைத் திருப்பினார்கள். 'ஏன் தெரியுமா?' என்று அப்பா அம்மா வாய் திறப்பதில்தான் வேறுபாடு. இங்கே எடுத்தால் கணக்கு வேறு மாதிரி வரும் என்று பந்தயம் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. எனவே திட்டமிடும்போதே ஒரு விதி போடலாம்: ஸ்க்ரூடிரைவரோ பேட்டரியோ, கருவி முதலில் போகவேண்டியது தங்கச்சி கைக்கு. அண்ணன் எப்படியும் பிடுங்கிக்கொள்வான்.

பாட்டிக்குத் தெரிந்த கணக்கு

குடும்பத்தில் யாருக்காவது ஏற்கெனவே கைவந்த ஒன்றை மேசைக்குக் கொண்டுவந்தால் அந்த ஸ்டாலில் சூடு பிடிக்கும். எனக்குப் பிடித்தது சிக்குக் கோலம். அறிவியல் விழாவில் கோலமா என்று முகம் சுளிக்க வேண்டாம். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1970-களிலேயே கோலத்தை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதிவிட்டார்கள்.

ஏற்பாடு இப்படி. கறுப்பு பெயின்ட் அடித்த பிளைவுட் பலகைகள். அவற்றில் வெள்ளைப் புள்ளிகள் நிரந்தரமாக வரைந்திருக்க வேண்டும், வருபவர்கள் புள்ளி வைப்பதிலேயே நேரத்தைக் கரைக்கக் கூடாது. ஒரு பலகையில் 3-க்கு 3, இன்னொன்றில் 3-க்கு 4, பிறகு 4-க்கு 6, 5-க்கு 7. சாக்பீஸ், ஈர ஸ்பாஞ்ச். விதி ஒன்றுதான்: கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, இரு புள்ளிகளுக்கு நடுவில் குறுக்கே வெட்டிப் போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து திரும்பலாம். கேள்வியும் ஒன்றுதான்: கையெடுக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட முடிகிறதா, எத்தனை இழை தேவைப்படுகிறது?

3-க்கு 4 ஒரே இழையில் முடிந்துவிடும். 3-க்கு 3-ல் மூன்று தனித்தனி இழைகள். 4-க்கு 6-ல் இரண்டு. 5-க்கு 7, எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், ஒரே இழை. பக்கத்தில் ஒரு பெரிய கட்டம் போட்ட சார்ட் தொங்கட்டும். ஒவ்வொரு குடும்பமும் தாங்கள் கண்ட எண்ணை அதில் எழுதிவிட்டுப் போகவேண்டும். காலையில் வெறுமையாக இருக்கும் சார்ட் மதியத்துக்குள் நிரம்பும்போது ஏதோ ஒழுங்கு எட்டிப் பார்க்கும். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து படித்த யாராவது ஒரு பிள்ளை 'மீப்பெரு பொதுக் காரணி!' என்று கத்தும் வரை ஸ்டால்காரர் வாயைத் திறக்கக் கூடாது. யாரும் கத்தவில்லையென்றாலும் திறக்கக் கூடாது. '6-க்கு 9 போட்டா எத்தனை வரும் பாட்டி?' என்று கேட்கலாம், அதுவரைதான் அனுமதி.

கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாக்களுக்கும் இதே மாதிரி ஓர் இடம் வேண்டும். நீண்ட டிரான்ஸ்பரன்ட் ட்யூபில் தண்ணீர் ஊற்றி, பந்தலின் இரு முனைக் கம்பங்களிலும் ஒரே மட்டத்தில் கோடு போடச் சொல்லுங்கள். இயற்பியல் ஆசிரியர் ட்யூபில் காற்றுக்குமிழியை விட்டுவிட்டுத் திணறும்போது, கொத்தனார் அப்பா வந்து தட்டிக் குமிழியை வெளியேற்றுவார். அதை அவர் பிள்ளை பார்க்கும்.

பிரித்துப் பார்க்கும் மேசை

'தொழில்நுட்பம்' என்றதும் விழாக் குழுவுக்கு ட்ரோனும் ரோபோவும் வி.ஆர். கண்ணாடியும் நினைவுக்கு வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வி.ஆர். கண்ணாடி ஒன்று, ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 12 பேர், ஐந்து மணி நேர விழாவில் 60 பேர். ஆயிரம் பேர் வந்தால் 940 பேருக்குக் காட்டியது வரிசை மட்டும். ரோபோவும் பெரும்பாலும் கண்காட்சி யானைதான், ஓட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் நூறு பேர்.

அதற்குப் பதில் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் மிக்ஸி மோட்டார், டேப் ரெக்கார்டர், பிரின்டர், ஸ்பீக்கர், மின்விசிறி இவற்றைக் கொட்டி, ஸ்க்ரூடிரைவர்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். விளக்கம் சொல்ல மிக்ஸி ரிப்பேர் கடைக்காரரை ஒருநாள் சம்பளம் கொடுத்து அழைத்து வாருங்கள். மோட்டாருக்குள் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டிருக்கும் கறுப்புக் கட்டிகளை எடுத்து, 'கார்பன் போயிருச்சு, அதான் ஓடலை' என்று அவர் காட்டுவார். சுழலும் பகுதிக்கு மின்சாரம் எப்படிப் போகிறது என்ற பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கண்டன்சரை மாற்றச் சொல்கிறார்களே, அந்தக் கண்டன்சர் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் அம்மாவும் பிள்ளையும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

இந்த மேசைக்கு மட்டும் கண்டிப்பு வேண்டும். வயரை பிளக்கோடு முன்பே வெட்டிவிடுங்கள். பழைய பெட்டி டிவி, மைக்ரோவேவ் அவன், ஃபிளாஷ் கேமரா மூன்றும் மேசைக்கு வரவே கூடாது, இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். செல்போன் வைத்தால் பேட்டரியை அகற்றிவிட்டு வையுங்கள்.

மற்ற ஸ்டால்களுக்கான பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானது பொது அறிவு. பென்டார்ச்சு செல்லுக்கு மேல் மின்சாரம் வேண்டாம். அலங்கார பலூனில் ஹைட்ரஜன் நிரப்பவே கூடாது. பொதுவாக யாரும் யோசிக்காதது சின்னஞ்சிறு நியோடிமியம் காந்தங்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் பிடித்து ஒட்டிக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும். செப்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டு அது ஆடி அசைந்து இறங்குவதைப் பார்ப்பது அருமையான சோதனை. ஒரு மீட்டரை அரை நொடிக்குள் கடக்க வேண்டிய பொருள் நொடிக்கணக்கில் தாமதிக்கும், யாருக்கும் முதல் தடவை நம்ப முடியாது. குழாயின் இரு முனைகளையும் கண்ணாடி மூடி போட்டு அடைத்துவிட்டு, குழாயைத் தலைகீழாகத் திருப்ப வையுங்கள். காந்தமும் தொலையாது, வயிற்றுக்குள்ளும் போகாது.

இருபது ஸ்டால் கணக்கு

எத்தனை ஸ்டால் வேண்டும் என்பதற்கு யாரும் கணக்குப் போடுவதில்லை, எத்தனை ஸ்பான்சர் கிடைத்தார்களோ அத்தனை. போட்டுப் பார்ப்போம். ஐந்து மணி நேர விழா, ஆயிரம் பேர், ஆளுக்குச் சராசரி ஒன்றரை மணி நேரம். எந்த நேரத்தில் பார்த்தாலும் உள்ளே 300 பேர் இருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு நடக்கிறது, பஜ்ஜி சாப்பிடுகிறது, கழிப்பறையைத் தேடுகிறது. மீதி 200 பேர். ஸ்டாலுக்குப் பத்துப் பேர் வேலை செய்ய முடிந்தால் 20 ஸ்டால். ஐந்து பேருக்குத்தான் இடம் என்றால் 40. பத்துப் பேர் உட்காரும் இருபதே சிறந்தது, ஆள் பாதி போதும்.

இதில் ஒளிந்திருக்கும் திருடன், அடுத்த குழுவுக்குத் தயார் செய்யும் நேரம். இரண்டு நிமிடச் சோதனைக்குப் பிறகு பீக்கரைக் கழுவி, துடைத்து, மறுபடி அளந்து ஊற்ற மூன்று நிமிடம் என்றால் அந்தச் சோதனையைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுங்கள். ஸ்பாஞ்சால் ஒரு இழுப்பில் தயாராவது, கவிழ்த்தால் தயாராவது, தானாகவே பழைய நிலைக்கு வருவது, இவைதான் திருவிழாக் கூட்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும். அட்டையில் ஒரு மாதிரி செய்து, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரிடம் முன்பே கொடுத்துப் பாருங்கள். எதை இழுக்கிறார்கள், எதில் தொங்குகிறார்கள் என்பது அரை மணியில் தெரிந்துவிடும்.

விளக்கப் பலகையில் மூன்று வரி போதும், முதல் சொல் வேலை சொல்லட்டும்: 'தள்ளுங்கள்', 'ஊதுங்கள்', 'எண்ணுங்கள்'. காந்தக் குழாய்க்கு 'லென்ஸ் விதி' என்று தலைப்புப் போட்டால் படிப்பவர் பாதிப்பேர் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்கள்.

தன்னார்வலர்களுக்குத் தரவேண்டிய பயிற்சியின் பெரும்பகுதி சும்மா இருக்கப் பழகுவது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது கொடுமை, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 'என்ன நடக்கும்னு நெனைக்கிறீங்க?', 'வேற மாதிரி செஞ்சு பாக்கலாமா?' என்று இரண்டு கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புங்கள். விடையைச் சொன்ன நொடியில் குடும்பம் 'ஓ, சரி' என்று நகர்ந்துவிடும்.

பஞ்சாங்கம் பார்த்து நாள் குறியுங்கள்

அயல்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் திட்டமிடுபவர்கள் மாட்டிக்கொள்வது வானிலையில். தலைமுடியை நட்டுக்குத்தலாக நிற்க வைக்கும் நிலைமின்சாரச் சோதனைகள் குளிர்நாட்டின் வறண்ட காற்றுக்கு ஏற்றவை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக் கடற்காற்றில் மின்னேற்றம் நிற்காமல் கசிந்துவிடும், சீப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கைதான் வலிக்கும். சோப்புக் குமிழிக்கு நேர் எதிர், ஈரக்காற்றுதான் நண்பன். மார்ச் மாத மதுரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் குமிழி ஸ்டால் போட்டால் ஒன்றும் நிற்காது. காலை எட்டு மணிக்கு வையுங்கள், கிளிசரின் கொஞ்சம் சேருங்கள்.

நம் ஊர் வெயிலே ஒரு கருவி. முகம் பார்க்கும் கண்ணாடியை ஒரு சென்டிமீட்டர் ஓட்டை போட்ட அட்டையால் மூடி, வெயிலில் பிடித்து, இருபது மீட்டர் தள்ளி இருட்டான வகுப்பறைச் சுவரில் அடியுங்கள். வட்டமாக விழுவது சூரியனின் பிம்பம், கிட்டத்தட்ட 19 செ.மீ. அகலம். ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் பிம்பம் வட்டமாகத்தான் விழும். தூரத்தை விட்டத்தால் வகுத்தால் 107-ஐ ஒட்டி வரும், பூமியிலிருந்து சூரியன் ஏறக்குறைய அத்தனை சூரிய விட்டம் தள்ளி இருக்கிறது. கண்ணாடியையோ சூரியனையோ யாரும் நேராகப் பார்க்காமல் ஒருவர் காவல் நிற்கவேண்டும்.

மாலையில் தொலைநோக்கி வைப்பதாக இருந்தால் நாள் குறிக்கும்போதே பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். பௌர்ணமி வேண்டாம், நிழலே இல்லாமல் நிலா வெளிறித் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழலோடு துல்லியமாக நிற்கும். சூரியன் மறையும்போதே நிலா உச்சியில் இருப்பதால் பிள்ளைகள் தூங்குவதற்குள் பார்த்துவிடலாம். அறிவியல் விழாவுக்குத் திதி பார்ப்பதா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஒரு வேண்டுகோள், தொடக்க விழாவைப் பற்றி. குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப்பரிசு, வாழ்த்துரை எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை ஸ்டால்களுக்கு முன்னால் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தடுத்து வைப்பார்கள். ஐந்து மணி நேர விழாவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போனது. சிறப்பு விருந்தினர் கட்டாயம் என்றால், வந்ததும் அவரை நேரே கோலப் பலகைக்கு அழைத்துப் போய் 4-க்கு 6 புள்ளியை நீட்டுங்கள். போட்டோவும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். மைக் செட்டை மட்டும் அணைத்துவிடுங்கள், அது அலறும் இடத்தில் அம்மா கேட்கும் கேள்வி பிள்ளையின் காதில் விழாது.

கடைசியாக, பட்ஜெட். அச்சடிக்கும் செலவில் பாதியை எடுத்துப் பழுதுபார்க்கும் மேசைக்குக் கொடுங்கள். பசை, கயிறு, செல்லோடேப், உதிரி செல், ஒரு பொறுமைசாலி, இவ்வளவும் மைதானத்தின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி. உடைந்தது எது, எத்தனை மணிக்கு உடைந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள், அடுத்த ஆண்டுத் திட்டம் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கும். பத்து ஸ்க்ரூடிரைவர் வாங்கியிருந்தால் மாலையில் ஏழுதான் திரும்பும். மூன்றைக் கூட்டியே கொட்டேஷன் கேளுங்கள்.